மெரினாவுக்குப் போகிற நாம் மேல்பாடிக்கும் போவோம்

வெளியூரிலிருந்து முதல்முறை சென்னைக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று கேட்கிற இடங்களில் கடற்கரைச் சமாதிகள் கட்டாயம் இருக்கும். அண்ணா சமாதி, எம்ஜிஆர் சமாதி, இப்போது ஜெயலலிதா, கலைஞர் நினைவிடங்கள். வேனில் வந்து இறங்கும் கிராமத்துப் பெண்கள், குழந்தையை இடுப்பில் வைத்தபடியே வெயிலில் சுற்றி வருவார்கள். எம்ஜிஆர் சமாதிக் கல்லில் காதை வைத்து, அவர் கட்டியிருந்த கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறதா என்று கேட்பார்கள். தங்களை ஆண்ட ஒருவர் மேல் மக்கள் வைத்த பாசம் அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வந்ததில்லை.

ஆண்டவர்களின் அடக்க இடத்தை இவ்வளவு ஆசையோடு தேடிப் போகிற நாம், ஆயிரம் ஆண்டுக்கு முன்பு இந்த மண்ணை ஆண்ட சோழ அரசர்களின் அடக்க இடங்களுக்கு ஏன் போவதில்லை? அவை எங்கோ மறைந்துபோகவில்லை. கல்லில் கட்டிய கோயில்களாக, சுவரில் எழுத்தோடு, நிற்கின்றன. ஒன்றுக்குச் சென்னையிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம்.

பள்ளிப்படை என்ற சொல்லைப் பெரும்பாலோர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வழியாகத்தான் அறிந்தோம். திருப்புறம்பயம் பள்ளிப்படைக் காட்டில் நள்ளிரவில் சதிகாரர்கள் கூடும் காட்சியைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதனாலேயே அந்தச் சொல் ஆந்தை அலறும் காடாக நம் மனதில் நின்றுவிட்டது. கல்வெட்டுகள் காட்டும் பள்ளிப்படை வேறு. இறந்த அரசருக்காகவோ அரசிக்காகவோ எடுத்த சிவன் கோயில் அது. நாள் வழிபாடு, விளக்கு, விழா, சோறு எல்லாம் உள்ள, உயிரோட்டமான இடம்.

முதலாம் பராந்தகன் தன் தந்தை ஆதித்த சோழனுக்குக் காளஹஸ்திக்குப் பக்கத்தில் தொண்டைமானாட்டில் ஆதித்தேசுவரம் எடுத்தான். இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு இன்றைய வேலூர் மாவட்டத்து மேல்பாடியில் எடுத்தான். இராசேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்குக் கும்பகோணம் அருகே பழையாறையில், இன்று பட்டீஸ்வரத்தை ஒட்டி இருக்கும் இடத்தில் எடுத்தான். பெற்ற தாயாக இல்லாத ஒருத்திக்குப் பேரரசன் ஒருவன் கோயில் கட்டியிருக்கிறான். அந்த ஒரு செய்திக்காகவே நம் வீட்டுப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகலாம்.

கல்லோடு என் பழக்கம்

நான் தண்டையார்பேட்டைக்காரன். கல் ஏற்றுமதிக்கு ஆவணம் தயாரிக்கும் அலுவலகத்தில் என் வேலைக்காலம் போனது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை எங்கள் பகுதியில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவற்றில் சிலவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்புக் கல், கிருஷ்ணகிரிப் பக்கத்து வண்ணக் கல் எல்லாம் பலகையாக அறுபட்டு, மெருகேறி, மரப்பெட்டியில் அடைபட்டு ஜெர்மனி, நெதர்லாந்து, போலந்து, ஜப்பான் என்று போகும். பேக்கிங் லிஸ்டில் நான் அடித்த பெயர்களில் அதிகம் வந்தது கல்லறைக் கல். உலகத்தின் எத்தனையோ ஊர்களில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நட்ட கல் தமிழ்நாட்டுப் பாறையிலிருந்து போனது.

அந்த வேலை எனக்குக் கல்லின் எடையைச் சொல்லிக்கொடுத்தது. ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன். இருபது அடிக் கன்டெய்னரில் கல் ஏற்றினால் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு நிரம்புவதற்குள் அனுமதித்த எடை முடிந்துவிடும். மீதி இடம் சும்மா கிடக்கும். பழைய கோயிலில் இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், ஒரு சாண் கனத்துக்கு மேல் இருக்கிற ஒரு கூரைக்கல்லைப் பார்த்தால் அரை டன்னுக்கு மேல் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. கிரேன் இல்லாத காலத்தில் அதைச் சுவர்மேல் ஏற்றி, இன்று வரை நகராமல் உட்கார வைத்தவர்களின் கைகளை நினைக்காமல் என்னால் அங்கே நிற்க முடிவதில்லை.

ஒற்றியூரிலிருந்து தொடங்கும் கதை

வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் பள்ளிப்படைகள் தூரத்துச் சங்கதி என்று தோன்றலாம். அப்படியல்ல. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சில நிறுத்தங்களில் திருவொற்றியூர். அங்கே தியாகராசர் கோயிலில் ஆதிபுரீசுவரரின் விமானம், யானையின் முதுகு போலப் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். இராசேந்திர சோழன் காலத்தில் சதுரானன பண்டிதர் சொல்ல, இரவி என்ற வீரசோழ தச்சன் அதைக் கல்லில் கட்டினான். தச்சனின் பெயரைக் கல்வெட்டு சொல்வது அபூர்வம். நம் ஊர்க் கோயிலுக்கு அந்தப் பேறு உண்டு.

சதுரானனர் என்பது ஒற்றியூர் மடத்துத் தலைவர்கள் வழிவழியாகத் தாங்கிய பெயர். அந்தப் பெயர் பூண்ட முந்தையவர் ஒருவரின் வாழ்க்கையும் அதே கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. கேரளத்தில் பிறந்து, கலைகள் கற்று, சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற துணையாக இருந்தவர் வல்லபர். 949-இல் தக்கோலத்தில் இராட்டிரகூடர்களோடு நடந்த போரில் யானைமேல் இருந்தபடியே இராசாதித்தன் மாண்டான். அந்தக் களத்தில் தலைவனோடு தானும் மடியக் கொடுத்துவைக்கவில்லையே என்று வல்லபர் உலகை வெறுத்தார். கங்கையில் நீராடி, ஒற்றியூருக்கு வந்து, நிரஞ்சன குருவிடம் விரதம் ஏற்று, சதுரானனர் ஆனார். இதைச் சொல்லும் கல்வெட்டு வெட்டப்பட்டது, போரில் வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டில் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோற்ற இளவரசனின் நண்பனுடைய துயரம், வென்றவனின் பெயரிட்ட கல்வெட்டிலேயே பதிவாகியிருக்கிறது.

இராசாதித்தனின் தம்பிதான் அரிஞ்சயன். தக்கோலத் தோல்விக்குப் பிறகு சோழ நாடு சுருங்கிக் கிடந்த காலத்தில், மிகக் குறைந்த காலமே ஆண்டவன். ஆற்றூர் என்ற இடத்தில் இறந்தான். அதனால் கல்வெட்டுகள் அவனை ஆற்றூர்த் துஞ்சின தேவர் என்கின்றன. அவன் மகன் சுந்தர சோழன். அவன் பேரன் இராசராசன். வெற்றி பெற்ற பாட்டனுக்கு நினைவுக்கோயில் கட்டுவது எளிது. குடும்பம் தாழ்ந்திருந்த நாளில் ஆண்டு மறைந்த பாட்டனை, அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய கையால் இராசராசன் நினைத்துப் பார்த்தான். மேல்பாடிக் கோயிலின் பெருமையே அதில்தான் இருக்கிறது.

மேல்பாடியில்

சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடி ரயிலில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அங்கிருந்து பொன்னைப் பக்கம் போகும் வழியில் மேல்பாடி. வள்ளிமலைக்கு வருகிற முருக பக்தர்கள் பக்கத்திலேயே இருக்கும் இந்த ஊரைக் கடந்து போகிறார்கள். பொன்னையாற்றங்கரை ஊர். இராசராசன் காலத்தில் இதற்கு இராசாசிரயபுரம் என்று இன்னொரு பெயரும் இருந்தது. ஊரில் பெரியது சோமநாதீசுவரர் கோயில். அரிஞ்சயனுக்கு எடுத்தது அதைவிடச் சிறியது. இன்று சோளேசுவரர் கோயில் என்கிறார்கள். கல்வெட்டில் அதன் பெயர் அரிஞ்சிகை ஈசுவரம். இரண்டுமே மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை.

தஞ்சை விமானத்தைப் பார்த்த கண்ணோடு போகிறவர்கள் முதலில் திகைப்பார்கள். 200 அடிக்கு மேல் விமானம் எழுப்பத் தெரிந்தவன் பாட்டனுக்கு ஏன் இவ்வளவு அடக்கமாகக் கட்டினான்? நான் அங்கே நின்றபோது அந்த அளவு சரியாகத்தான் பட்டது. அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. கோட்டத்துச் சிற்பம் கண்ணுக்கு நேரே நிற்கிறது. கல்வெட்டு விரல் தொடும் உயரத்தில் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் துக்கமும் மரியாதையும் கொள்ளும் அளவு அது.

சுவரில் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கல்வெட்டு வரி ஒரு கல்லில் முடிந்து அடுத்த கல்லில் தொடங்குவதில்லை. இணைப்பின் மேலேயே ஓடுகிறது. சில எழுத்துகளில் சுழி ஒரு கல்லிலும் கால் அடுத்த கல்லிலும் இருக்கின்றன. சுவர் எழுந்து நின்ற பிறகு உளியைப் பிடித்து எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டில் அந்த இணைப்பு ஒரு நூல் நகர்ந்திருந்தாலும் அந்த எழுத்து உடைந்திருக்கும். உடையவில்லை. இடையில் சாந்து இல்லை, கம்பி இல்லை. கல்லின் எடையே கல்லைப் பிடித்து வைத்திருக்கிறது. எங்கள் தொழிலில் பளபளப்பைப் பார்த்துத் தரம் சொல்வார்கள். கட்டடத்தில் கல்லின் தரம் இணைப்பில்தான் தெரியும்.

கோயிலுக்கு வெளியே மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“யாரு கட்டின கோயில் பாட்டி இது?”

“ராசா கட்டினதுன்னு சொல்வாங்க நைனா. யாருக்குக் கட்டினாருன்னு தெரியாது. நீ படிச்சவனாட்டம் இருக்க, நீயே சொல்லேன்.”

அவர் தாத்தாவுக்காகக் கட்டியது என்று சொன்னேன். “தாத்தனுக்கா? நல்ல புள்ள” என்றார். ஆயிரம் ஆண்டு கழித்து இராசராசனுக்குக் கிடைத்த அந்தப் பாராட்டை ஊருக்கு ஊர் கேட்கச் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கல் மட்டும் போதாது என்று அறிந்தவர்கள்

சோழர்கள் கல்லை மட்டும் நம்பிவிடவில்லை. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள், சில இடங்களில் 90, கோயிலுக்கு விடுவது அக்கால வழக்கம். சாவா மூவாப் பேராடு என்று அவற்றைக் கல்வெட்டுகள் சொல்லும். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், குட்டிகளால் எண்ணிக்கையைக் குறையாமல் காத்து, நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவருக்குப் பின் அவர் பிள்ளைகள் அளப்பார்கள். நினைவைக் காப்பாற்ற ஆட்டையும் நெய்யையும் மனிதர்களையும் சேர்த்துக் கட்டிய ஏற்பாடு இது.

செய்யாறு பக்கம் பிரம்மதேசத்தில் இன்னொரு செய்தி கல்லில் இருக்கிறது. இராசேந்திர சோழன் 1044-இல் மறைந்தபோது அவன் தேவி வீரமாதேவி உடன் தீப்புகுந்தாள். அவள் உடன்பிறந்தவன் அவர்கள் நினைவாகத் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்டான். கங்கை வரை படை நடத்திய மன்னனின் நினைவுக்கு வழிப்போக்கர் தாகம் தீர்வதே பொருத்தம் என்று அந்த மைத்துனனுக்குத் தோன்றியிருக்கிறது. உடன்கட்டையை நாம் போற்ற வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் முடிவை மறைக்கவும் வேண்டியதில்லை. கடந்த காலத்தை முழுதாக அறிவதற்குத்தான் இந்த இடங்களுக்கு நேரில் போக வேண்டும்.

தயங்குகிறவர்களுக்கு

மேல்பாடிக்கு வரச்சொல்லி என் அண்ணியைக் கூப்பிட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “எறந்தவங்கள வெச்ச எடமாச்சே, வந்து தலைமுழுகணுமா?” என்பது. பலருக்கும் இந்தத் தயக்கம் உண்டு. ஆனால் அண்ணியே மாசத்துக்கு ஒருமுறை திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதிக்குப் போய் வருகிறவர். எங்கள் பகுதியில் குணங்குடி மஸ்தான் சாகிபு தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போகிறோம். அடக்கமானவர் இடத்தில் விளக்கேற்றி நிற்பது வடசென்னையில் அன்றாடம். ஞானிக்குத் தருவதை அரசனுக்குத் தரத் தயங்க வேண்டியதில்லை. அண்ணி வந்தார், பார்த்தார், மேல்பாடியில் கற்பூரமும் ஏற்றினார்.

இன்னொரு பக்கம், பரபரப்பான இடத்துக்கு மட்டும் கூட்டம் சேர்கிறது. கும்பகோணம் அருகே உடையாளூரில் இராசராசன் சமாதி இருப்பதாகச் சொல்லிப் பலர் போகிறார்கள். அங்கே கிடைத்திருக்கும் முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு, இராசராச தேவரான சிவபாதசேகர தேவரின் திருமாளிகையைப் புதுப்பித்ததைச் சொல்கிறது; சமாதி என்று சொல்லவில்லை. போகிறவர்களின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஐயம் இருக்கும் இடத்துக்கு அலைமோதிவிட்டு, பள்ளிப்படை என்று கல்லிலேயே வெட்டிவைத்த மேல்பாடியையும் பழையாறையையும் விட்டுவிடுவது இராசராசனுக்கே செய்யும் குறை. அவன் தன் கையால் எடுத்தது மேல்பாடி.

கூட்டம் வந்தால் பழமை கெடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பழைய கற்கோயில்களுக்குப் பணம் வந்ததும் முதலில் செய்கிற தவறு, கல்லைப் ‘புதுசாக்க’ மணலைப் பீய்ச்சி அடிப்பது. ஏற்றுமதிக் கல்லறைக் கல்லில் எழுத்து பொறிக்க நாங்கள் கையாண்ட முறை அதுதான். ரப்பர் அட்டையில் எழுத்தை வெட்டி ஒட்டி, மணலை வேகமாக அடித்தால் மெருகேறிய கருங்கல்லே சில நிமிடத்தில் குழிந்துவிடும். புதுக் கல்லில் எழுத்தை உண்டாக்குகிற அதே மணல், பழைய சுவரில் எழுத்தைத் தின்றுவிடும். டைல்ஸ் ஒட்டுவதும், எண்ணெய்ச் சாயம் பூசுவதும் இப்படித்தான். வருகிறவர்கள் விவரம் தெரிந்து வந்தால் இவற்றைத் தட்டிக் கேட்பார்கள். யாரும் வராத கோயிலில் கேட்கக்கூட ஆள் இருக்காது.

கொரியாவில் ஜோசோன் மரபு அரசர்களின் 40 கல்லறைகள் 18 இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. 2009-இல் யுனெஸ்கோ அவற்றை ஒரே தொகுப்பாக உலக மரபுச் சின்னமாக்கியது. தனித்தனியே சிறியவை, சேர்ந்து பார்க்கும்போது ஒரு மரபின் முழுக் கதையைச் சொல்கின்றன. நம் பள்ளிப்படைகளையும் அப்படி ஒரே மாலையாகக் கோக்கலாம். பள்ளிப்படையோடு அதன் கதை நடந்த இடங்களையும் சேர்த்து, திருவொற்றியூர், தக்கோலம், மேல்பாடி என்று ஒரு வழி. போகிற வழியில் வேலூரையும் சேர்த்துக்கொள்ளலாம். 1815-இல் ஆங்கிலேயர் அரியணை இறக்கிக் கொண்டுவந்து வைத்த கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் 1832-இல் மறைந்து அடங்கியது வேலூரில், பாலாற்றங்கரையில். அங்கே தமிழக அரசு எழுப்பிய முத்து மண்டபம் இருக்கிறது. அயல்நாட்டு மன்னனுக்கு மண்டபம் எழுப்பிய பெருந்தன்மை நம்மிடம் இருக்கிறது. நம் அரசர்களுக்கு மண்டபமே தேவையில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கட்டியாகிவிட்டது.

தேவை சில எளிய வேலைகள். ஒவ்வொரு பள்ளிப்படையின் வாசலிலும் யாருக்காக, யார், எப்போது எடுத்தது என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒரு பலகை. அதில் பள்ளிப்படை என்ற சொல் தயக்கமில்லாமல் இருக்க வேண்டும். கல்வெட்டைப் படித்துச் சொல்ல அந்தந்த ஊரிலேயே படித்த இளைஞர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். விடுமுறை நாளில் அவர்களுக்குச் சம்பளமும் தர வேண்டும். குடிநீர், கழிப்பறை, சாலையில் வழிகாட்டிப் பலகை வேண்டும். சுற்றுலாத் துறை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து மேல்பாடிக்கு ஒரு பேருந்து விடலாம். அந்தப் பேருந்து வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் பிள்ளைகளிலிருந்து தொடங்கட்டும். துறைமுகத்துப் புகையிலும் லாரிச் சத்தத்திலும் வளர்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, வரலாறு வேறு யாருடைய ஊரிலோ நடந்தது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஒற்றியூர்க் கல்வெட்டில் தொடங்கி மேல்பாடிச் சுவர் வரை ஒரே நாளில் நடந்து பார்த்த பிள்ளைக்கு அந்த எண்ணம் இருக்காது.

அரசு செய்கிற வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வரும்போது மேல்பாடி என்று சொல்லுங்கள். போனால் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள், பெயரைக் கிறுக்காதீர்கள். ஊர்க்காரர்களிடம் அது யாருக்கு எடுத்த கோயில் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நாலு பேர் கேட்டு, நாலு பேர் சொல்லத் தொடங்கினால் ஒரு கோயிலைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய காவல் இல்லை.